தீராப் பிணியும் தேயிலை மலையும்

தேயிலைத் தொழிலில் இயந்திரங்கள் புகுந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கொழுந்தை வாட்டவும், உருட்டவும், உலர்த்தவும், சலிக்கவும் தொழிற்சாலையிலே பொறிகள் உண்டு. ஆனால், செடியின் தலையில் தளிர்த்து நிற்கும் இரண்டு இலையையும் ஒரு குருத்தையும் இனங்கண்டு கிள்ளி எடுக்கும் வேலை இலங்கையின் மலைநாட்டிலே இன்றும் பெரும்பாலும் பெண்களின் விரல்களிடமே இருக்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை கூடிப் பிரிகின்றன என்று எண்ணிச் சொல்வது அரிது. அந்த விரல்களை நம்பியே அடுப்பு எரிகிறது. பிள்ளை பள்ளிக்குப் போகிறது. கடைக்காரரின் கணக்கு தீர்கிறது. அத்தகைய விரல்கள் ஒரு நாள் விடியற்காலையில் மடங்க மறுத்தால் என்ன ஆகும்?

நுவரெலியா மாவட்டத்திலே, தலவாக்கலைக்குத் தெற்கே, கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் பரந்து கிடப்பது அக்கரப்பத்தனை. ஹோட்டன் சமவெளியின் சாரலிலே பிறக்கும் ஆக்ரா ஓயா இப்பகுதியின் வழியே இறங்கி, கொத்மலை ஓயாவோடு கூடி, மகாவலி கங்கையின் நீராகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெட்டிச் சீர்செய்த தேயிலைச் செடிகள். இடையிடையே வரிசையாக நிற்கும் லயங்கள். லயத்துக்கு ஒரு தெய்வம், தோட்டத்துக்கு ஒரு கோயில். ஆண்டில் பல மாதங்கள் மழையும் பனிமூட்டமும் நீங்காத ஊர் அது. காண வந்தவருக்கு அக்குளிர் இன்பமளிப்பது. கூடையைத் தலையில் மாட்டி, இடுப்பிலே படங்கைக் கட்டி, ஈரச் செடிகளுக்கிடையே நாள் முழுதும் நிற்பவருக்கு அது வேறு பொருள் தருவது.

இந்த மலையிலே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை நேயர்கள் மனக்கண்ணால் காண்பார்களாக. அவர் குறிப்பிட்ட எவரும் அல்லர். இத்தகைய நோயுடன் வாழ்வோர் பலருடைய அனுபவத்தின் பொதுவுருவமே அவர். வயது முப்பதுக்குள். கணவனும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. சில மாதங்களாகக் காலையில் எழுந்தவுடன் கைவிரல் மூட்டுகள் வீங்கி, விறைத்து நிற்கின்றன. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு அரைமணி, ஒருமணி இருந்த பின்னரே மாவைப் பிசைய முடிகிறது. குளிர் மிகுந்த நாட்களில் விரல்நுனிகள் சுண்ணாம்பு போல் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, சூடு பட்டதும் சிவக்கின்றன. வெயில் பட்டால் மூக்கின் இருபுறமும் கன்னங்களில் செந்தடிப்பு எழுகிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல், தலைமயிர் கொத்தாக உதிர்கிறது, எவ்வளவு உறங்கினாலும் நீங்காத அயர்வு.

தோட்டத்து டிஸ்பென்சரியிலே வலிக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு நாள் வலி குறைகிறது. மூன்றாம் நாள் திரும்புகிறது. அயலவர் ஒருவர் 'குளிர் பிடித்துவிட்டது' என்கிறார். இன்னொருவர் 'யாரோ கண் வைத்துவிட்டார்கள்' என்கிறார். மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார். முகத்தைப் பார்த்தால் நோயாளியாகத் தோன்றவில்லையே என்ற எண்ணம் கங்காணிக்கு. நேற்று முழு எடை கொழுந்து பறித்தவர் இன்று பாதி எடையோடு வந்து நின்றால், அது சோம்பலின் அடையாளம் என்று முடிவு கட்டுவது எளிது. நோய் தரும் துன்பத்திலும் நோய் இருப்பதாகவே பிறர் நம்பாத துன்பம் பெரிது. 'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்னும் பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

இப்பெண்ணுக்கு வந்திருக்கும் நோயின் இயல்பு யாது? மனித உடலிலே நோய் எதிர்ப்பு ஆற்றல் என்ற காவற்படை ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமிகளை இனங்கண்டு அழிப்பது அதன் கடமை. தன்னைச் சேர்ந்தது எது, அயலானது எது எனப் பகுத்தறியும் திறனே அப்படையின் உயிர்நாடி. சிலரிடம் அந்தப் பகுத்தறிவு பிறழ்ந்துவிடுகிறது. காவலாளி வீட்டுக்காரரையே கள்வரென எண்ணி அடிப்பது போல, எதிர்ப்பு ஆற்றல் தன் உடலின் மூட்டையோ, தோலையோ, சிறுநீரகத்தையோ, நரம்பையோ தாக்கத் தொடங்குகிறது. இவற்றையே தன்னுடல் தாக்கு நோய்கள் என்கின்றனர். மூட்டுகளைத் தாக்குவது முடக்குவாதம். தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம் எனப் பல உறுப்புகளையும் ஒருங்கே தாக்க வல்லது லூபஸ். தோலை இறுகச் செய்வதும், தசைகளின் வலிமையைத் தின்பதும், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலே செய்தியைத் தடுப்பதும் வேறு சில. இவற்றுள் முடக்குவாதம் ஓரளவு பரவலானது, ஏனையவை அரியவை. லூபஸ் நோயுற்றோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதினர்.

உடல் தன்னைத் தானே தாக்கும் என்பதை அறிவுலகம் எளிதில் ஏற்கவில்லை. செருமானிய அறிஞர் போல் ஏர்லிக், 1901ஆம் ஆண்டை ஒட்டி, உடல் தனக்கே நஞ்சாவதை இயற்கை அஞ்சி விலக்குகிறது என்ற கருத்தை வெளியிட்டார். அக்கருத்து அரை நூற்றாண்டு ஆட்சி செலுத்தியது. 1956ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ், ஏர்ணஸ்ட் விட்டெப்ஸ்கி என்னும் இருவர் முயல்களின் தைரொயிட் சுரப்பியை வைத்து நடத்திய ஆய்வும், அதே ஆண்டில் இலண்டனில் ஐவன் ரொய்ட், டெபோரா டோனியக் முதலியோர் நோயாளிகளின் குருதியிலே கண்ட உண்மையும் அக்கருத்தை அசைத்தன. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, இத்தகைய தாக்குதலை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் அணுக்களைக் கண்டறிந்த மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்குக் கிடைத்தது. காவற்படைக்குள்ளேயே காவலரை அடக்கும் காவலர் உண்டு என்பதை அவர்கள் நிறுவினர். எனினும், ஒருவருக்கு இந்நோய் ஏன் வருகிறது, அடுத்த காம்பராவில் இருப்பவருக்கு ஏன் வரவில்லை என்பதற்கு மருத்துவம் இன்னும் முழு விடை கூறவில்லை. பிறவிக் கூறும், பெண்மைச் சுரப்பும், வெயிலும், கிருமித் தொற்றும் எனப் பல காரணங்கள் கூடி வருவதாகவே கூறுகிறது. ஆதலின், நோயுற்றவர் செய்த தவறு என்று எதையும் சுட்டுவதற்கு இடமில்லை.

மலைநாட்டின் இயல்பு இந்நோய்களுக்குச் சில தனித் துன்பங்களைக் கூட்டுகிறது. குளிரிலே விரல்கள் வெளுப்பதை 1862ஆம் ஆண்டிலேயே மோரிஸ் ரெய்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விளக்கி எழுதினார். குருதிக் குழாய்கள் குளிருக்கு அளவுமீறி அஞ்சிச் சுருங்குவதால் விளைவது அது. சமவெளியில் எப்போதாவது தோன்றும் இத்துன்பம் அக்கரப்பத்தனையின் ஈரக் கொழுந்திலே நாள்தோறும் தோன்றலாம். முற்றிய நிலையில் விரல்நுனியில் ஆறாப் புண்ணும் உண்டாகும். குளிர் இப்படியெனில், வெயிலோ வேறு வகை. உயரம் 1,000 மீற்றர் கூடும்போது கதிரவனின் புற ஊதாக் கதிர்களின் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. மெல்லிய முகில் அக்கதிர்களை முற்றாகத் தடுப்பதுமில்லை. உடலுக்குச் சூடு தெரியாத மூட்டமான நாளிலும் லூபஸ் நோயாளியின் தோல் வெந்துபோகக் கூடும். 'வெயிலே இல்லையே' என்று அவர் தலைத்துணியை விலக்குவதில் அபாயம் இருக்கிறது.

திருக்குறளிலே மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் இறுதிக் குறளிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாக வகுக்கிறார். நோயுற்றவர் ஒரு பகுதி. மருத்துவர் ஒரு பகுதி. மருந்து ஒரு பகுதி. அருகிருந்து பணிவிடை புரிபவர் நான்காம் பகுதி. தீராத நோயைப் பற்றிப் பேசுவதற்கு இதனினும் ஏற்ற அளவுகோல் இல்லை. மருந்தொன்று தோற்கும்போது மருத்துவமே தோற்றதாக எண்ணி மனமுடைவோர் பலர். நான்கிலே ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றும் தாங்க வேண்டும் என்பதே வள்ளுவர் வகுப்பிலிருந்து பெறக்கூடிய பாடம்.

முதலில் மருந்தை நோக்குவோம். லூபஸ் நோய்க்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் அடிப்படை மருந்து ஹைட்ரொக்சிகுளோரோகுயின். அம்மருந்தின் குலமுறையை ஆராய்ந்தால் அது மலைநாட்டின் பழங்கதையோடு வந்து சேர்வதைக் காணலாம். 1861ஆம் ஆண்டிலே நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளிலிருந்து கொணர்ந்த சிங்கோனா மரத்தை வளர்த்துப் பெருக்குவதே அதன் நோக்கம். சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கப்படுவதே மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா. 1869ஆம் ஆண்டிலே இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியபோது, தோட்டக்காரர் பலர் சிங்கோனாவை நாடினர். 1880களின் நடுவிலே ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. சரக்கு மிகுந்து விலை வீழ்ந்தது, சிங்கோனா மறைந்தது, தேயிலை மலையை ஆண்டது. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த மக்களின் கைகளே அம்மூன்று பயிருக்கும் உழைத்தன.

1894ஆம் ஆண்டிலே இலண்டன் மருத்துவர் பெய்ன் என்பார், லூபஸ் நோயின் தோல் தடிப்புக்குக் கொயினா பயன் தருவதைக் கண்டு எழுதினார். இரண்டாம் உலகப் போரில் யாவா தீவு சப்பானியர் கைப்பட்டதும் நேச நாடுகளுக்குக் கொயினா கிடைப்பது அரிதாயிற்று. படைவீரருக்கு மெப்பக்கிரின் என்ற செயற்கை மருந்து கொடுக்கப்பட்டது. அதனை உண்டவர் மேனி மஞ்சளாயிற்று. ஆனால் மலேரியா அடங்கியதோடு, சிலருடைய தோல் தடிப்பும் மூட்டு வலியும் சேர்ந்தே தணிந்தன. 1951ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் பேஜ் என்ற மருத்துவர் லூபஸ் நோயாளிகளுக்கு மெப்பக்கிரின் அளித்துக் கண்ட பயனை வெளியிட்டார். அதே வழியில் வந்த, நச்சுத்தன்மை குறைந்த மருந்தே 1955ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இது மரப்பட்டையிலிருந்து எடுப்பதன்று, ஆய்வுகூடத்தில் ஆக்குவது. எனினும், கொயினாவைப் போன்ற ஒரு பொருளைத் தேடிய தேட்டத்திலே பிறந்ததாதலின், சிங்கோனாவின் பேரப்பிள்ளை என்று இதனைச் சொல்லலாம். நீண்டகாலம் உண்பவர் கண்ணின் விழித்திரையை முதல் ஆண்டிலும், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளல் வேண்டும். கொழுந்தையும் கரட்டையும் பிரித்தறியும் கண்ணை நம்பி வாழ்பவருக்கு இது சிறிய செய்தியன்று.

அடுத்தது கோர்ட்டிசோன் குடும்பம். 1948ஆம் ஆண்டு செப்தெம்பரிலே அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்பவர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு இதனை முதன்முதலில் ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களிலேயே அப்பெண் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டிலே ஹெஞ்ச்சும், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய இருவரும் நோபல் பரிசு பெற்றனர். உலகம் அதனை அற்புதம் என்று கொண்டாடியது. விரைவிலேயே அதன் மறுபக்கமும் தெரிந்தது. அளவும் காலமும் மிகுந்தால் முகம் உப்பும், எலும்பு மெலியும், சர்க்கரை நோய் தோன்றும், கிருமித் தொற்று எளிதில் புகும். அதன் வழிவந்த பிரெட்னிசொலோன் இன்றும் உயிர்காக்கும் மருந்து. ஆனால், நீண்டகாலம் உண்டவர் அதனைத் திடீரென நிறுத்தினால் உடல் தளர்ந்து உயிருக்கே இடையூறு நேரும். ஏனெனில், உடல் தானே சுரக்க வேண்டிய பொருளைச் சுரக்க அதற்குள் மறந்திருக்கும். குறைப்பதாயின் மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

மூன்றாவது, மெதோட்ரெக்சேட். முடக்குவாதத்தை அடக்குவதில் இன்று முதலிடம் பெற்றிருப்பது இதுவே. இதனைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் நினைவில் பதிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு: இந்நோய்களுக்கு இம்மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்பது, நாள்தோறும் உண்பதன்று. நாள்தோறும் உண்டு உயிரிழந்தோர் உலகின் பல நாடுகளிலும் உண்டு. மருந்துப் பையின்மேல் எழுதிய குறிப்பு நோயாளி வாசிக்கும் மொழியில் இல்லாதபோது இத்தவறு எவ்வளவு எளிதில் நேரும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு தாய்க்கு, 'கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு மட்டும்' என்று தமிழில் எழுதப்பட்ட ஒரு வரி, மருந்துக்கு ஒப்பான மருந்தாகும். கருவுற எண்ணும் பெண்கள் இம்மருந்தை உண்ணலாகாது என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும்.

இவை யாவும் பலருக்குப் பயன் தருவன. ஆனால் எல்லாருக்கும் அல்ல. பல மாதம் உண்டும் வீக்கம் தணியாதவர் சிலர். தணிந்து மீண்டும் பொங்கியவர் சிலர். மருந்தின் தீமை தாங்காது கைவிட்டவர் சிலர். 'வழக்கமான மருந்து தோற்றுவிட்டது' என்று சொல்லுமுன், நல்ல மருத்துவர் சில கேள்விகளை முறையாக எழுப்புவார். நோயின் பெயர் சரியாகக் கண்டறியப்பட்டதா? மருந்து தவறாமல் உண்ணப்பட்டதா, அன்றிப் பயணச் செலவுக்குக் காசில்லாமல் ஒரு மாதம் விட்டுப்போயிற்றா? அளவு போதுமா? போதிய காலம் கொடுக்கப்பட்டதா? ஏனெனில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின், மெதோட்ரெக்சேட் ஆகியவை பயன் காட்டச் சில வாரங்களும் மாதங்களும் ஆகும். வேறொரு கிருமித் தொற்று உள்ளே ஒளிந்திருக்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது, தோற்றது மருந்தன்று, மருந்து வந்து சேரும் வழியே என்பது பலமுறை புலனாகும்.

வழியின் கதையோ மலைநாட்டில் நீண்டது. 2020ஆம் ஆண்டிலே கொரோனாத் தொற்றுக்கு ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பயன்படும் என்ற செய்தி பரவியதும், உலகின் பல நாடுகளில் லூபஸ் நோயாளிகளுக்கு அது கிடைப்பது அரிதாயிற்று. பிறகு அத்தொற்றுக்கு அது பயனில்லை என்பது தெளிவாயிற்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கை வைத்தியசாலைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் வாடின. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலையகத்தில் மண் சரிந்து சாலைகள் மூடுண்டன. நாள்தோறும் பிரெட்னிசொலோன் உண்பவர் வீட்டிலே இரண்டு வாரத்துக்கேனும் மேலதிக மாத்திரை, நனையாத ஒரு தகரப் பெட்டியில் இருத்தல் வேண்டும் என்பதை இத்தகைய நாட்களே உணர்த்துகின்றன.

உண்மையாகவே மருந்து தோற்றபோதும் அடுத்த படிகள் உண்டு. புற்றுநோய்க்கென 1997ஆம் ஆண்டிலே வந்த ரிட்டுக்சிமாப் என்ற ஊசிமருந்து, 2006ஆம் ஆண்டு முதல் முடக்குவாதத்துக்கும் பயன்படுகிறது. அதற்கு ஒப்பான, விலை குறைந்த மருந்தை இந்தியாவிலே 2007ஆம் ஆண்டிலேயே ஆக்கிவிட்டனர். 2011ஆம் ஆண்டிலே லூபஸ் நோய்க்கென பெலிமுமாப் என்ற புதுமருந்து வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற முதற் புதுமருந்து அதுவே. செருமனியின் ஏர்லாங்கன் நகரிலே, எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் நோயாளிகள் ஐவருக்கு, அவர்கள் குருதியின் அணுக்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தினர். ஐவரும் மருந்தின்றியே நோய் தணிந்திருந்தனர் என்று 2022ஆம் ஆண்டிலே அறிவித்தனர். இச்சிகிச்சையின் செலவு மிகப் பெரிது. ஒரு தோட்டத் தொழிலாளி கனவிலும் எட்டாதது. ஆயினும், ஒரு காலத்தில் கோர்ட்டிசோனும் அத்தகைய அரும்பொருளாகவே இருந்தது என்பதை மறத்தலாகாது.

இனி மருத்துவர் என்ற இரண்டாம் பகுதி. தோட்டங்களில் மருத்துவம் எதற்காகத் தோன்றியது என்பதை நோக்கினால் இன்றைய குறை விளங்கும். 1872ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென இலங்கையிலே சட்டங்கள் இயற்றப்பட்டன. அக்காலத்து அச்சம் வாந்திபேதி, அம்மை, கொக்கிப்புழு, காய்ச்சல் ஆகியவை. விழுந்தவரை விரைவில் எழுப்பி மலைக்கு அனுப்புவதே நோக்கம். அதற்கேற்பவே தோட்டத்துக் கணக்கும் அமைந்தது. செக்றோலிலே ஒருவர் வேலைக்கு வந்தவர், அன்றேல் வராதவர். நலமுமின்றி, படுக்கையுமின்றி, ஆண்டுக்கணக்கில் இடைநிலையில் வாழும் ஒருவரை எழுதுவதற்கு அதிலே பத்தி இல்லை. காலம் மாறி, தொற்றுநோய்கள் பெரிதும் அடங்கிவிட்டன. அந்தப் பத்தியில்லாக் குறை மட்டும் பெரிதும் அடங்கவில்லை.

இதற்கு எல்லாத் தோட்டத்திலும் வாத நோய் நிபுணர் ஒருவரை அமர்த்துவது இயலாது, தேவையுமில்லை. தோட்டத்து மருத்துவ உதவியாளரும் மருத்துவிச்சியும் சில அறிகுறிகளைக் கண்டவுடன் ஐயுறப் பழகினால் போதும். காலையில் அரைமணிக்கு மேல் நீடிக்கும் மூட்டு விறைப்பு, ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வீக்கம், வெயிலில் எழும் முகத் தடிப்பு, குளிரில் வெளுக்கும் விரல், இளம்பெண்ணின் காரணமறியாக் காய்ச்சல், சிறுநீரில் நுரை: இவற்றுள் இரண்டு கூடி வந்தால் வலி மாத்திரையோடு நிறுத்தாமல் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்புதல் வேண்டும். முடக்குவாதத்தில் மூட்டு சிதையுமுன் கிடைக்கும் சில மாதங்கள் பொன்னினும் அரியவை. லூபஸ் நோயிலே சிறுநீரகம் வலியில்லாமலே கெடக்கூடியது. எளிய சிறுநீர்ச் சோதனை ஒன்று அதனைக் காட்டிக்கொடுக்கும். அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆயினும் அங்கே செல்லும் நாளின் சம்பளம் போகிறது. பேருந்துக் கட்டணம் போகிறது. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதம் ஒரு கிளினிக் நாள் என்றால், இலவச மருத்துவத்துக்கு அவர் செலுத்தும் விலை அதனினும் மிகையாகும்.

மூன்றாவது பகுதி நோயுற்றவர். அவர் செய்யக்கூடியவை சிறியவை. ஆனால் அவரே செய்யக்கூடியவை. ஒரு நாலணாக் கொப்பி போன்ற சிறு குறிப்பேட்டிலே, எந்த நாளில் வலி பொங்கியது, என்ன மருந்து உண்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி வைத்தல். எழுதத் தெரியாவிடின் பள்ளி செல்லும் பிள்ளையைக்கொண்டு எழுதுவித்தல். ஐந்து நிமிடமே பேச நேரமுள்ள மருத்துவருக்கு அக்குறிப்பேடு ஐந்து மாதக் கதையைச் சொல்லும். மூட்டமான நாளிலும் தலையையும் முகத்தையும் துணியால் மறைத்தல். ஈரம் பட்ட கையை உடனே துடைத்துக் கம்பளியில் பொதிதல். அடுப்புப் புகையிலிருந்தும் புகைச் சுருட்டிலிருந்தும் விலகியிருத்தல். காய்ச்சல் கண்டால் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்லுதல். நல்ல நாள் ஒன்று வந்ததென மூன்று நாள் வேலையை ஒரே நாளில் செய்து, அடுத்த வாரம் முழுதும் படுக்கையில் கிடப்பது இந்நோயாளிகள் பலரும் செய்யும் பிழை. உள்ள வலிமையை உள்ள நாட்களுக்குப் பகிர்ந்து செலவிடுவதும் ஒரு கலையே.

நோய் நீங்காத வீட்டை நாடிப் பலர் வருவர். ஒரே வாரத்தில் வேரோடு அறுக்கிறோம் என்பார். அவர் தரும் பெயரில்லாப் பொடியை உண்டவுடன் வலி மறைவதும் உண்டு. அத்தகைய பொடிகள் சிலவற்றிலே அளவறியாத கோர்ட்டிசோன் வகை மருந்து கலந்திருந்ததை மருத்துவர்கள் பல நாடுகளில் கண்டிருக்கின்றனர். இரண்டு மாதத்தில் முகம் உப்பும். பொடி தீர்ந்ததும் நோய் இருமடங்காய் எழும். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதால் தீங்கில்லை. அது மனத்துக்கு வலிமை தரும். எண்ணெய் தடவி வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுப்பதும் இதமே. வைத்தியசாலை மருந்தை நிறுத்தினால்தான் எங்கள் மருந்து வேலை செய்யும் என்பவரிடமே அச்சம் வேண்டும். இந்தப் போலி வாக்குகளுக்கு மக்கள் இரையாவது அறியாமையால் மட்டுமன்று. பெரிய வைத்தியசாலையிலே ஐந்து நிமிடம் பேசுவார். போலி வைத்தியனோ திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் கேட்பான். கேட்கும் செவிக்காகவே பலர் ஏமாறுகின்றனர்.

ஆகவே நான்காம் பகுதியே இறுதியில் நோயாளியைத் தாங்குவது. பணிவிடை என்பது கஞ்சி வைத்துக் கொடுப்பதோடு முடிவதன்று. விடியற்காலையில் தண்ணீர்க் குடத்தைக் கணவன் தூக்குவது பணிவிடை. 'இன்று எப்படி?' என்று கேட்டு, சொன்ன விடையை நம்புவது பணிவிடை. பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவர் தம் கூடையிலிருந்து இரண்டு பிடி எடுத்து அவர் கூடையில் போடுவது பணிவிடை. கிளினிக் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் பணிவிடை. லயத்து வாழ்விலே ஒரு சுவருக்கு அப்பால் இருமினாலும் இப்பால் கேட்கும். அந்த நெருக்கத்தினால் வரும் தொல்லைகள் பல. நோயுள்ள வீட்டுக்கு அந்த நெருக்கமே துணையாகவும் அமையலாம்.

தோட்ட நிருவாகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறித்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்ற கணக்கு, திடகாத்திரமான உடலை அளவாகக் கொண்டது. விரல் மடங்காத நாளில் ஒருவர் நாற்று மேடையிலோ, பிள்ளைக் காம்பராவிலோ, தொழிற்சாலையின் உலர்ந்த வெப்பமான பகுதியிலோ முழுப் பேருக்கு உழைக்க முடியும். அவருடைய கை தளர்ந்திருக்கலாம். இருபது ஆண்டுகளாகச் செடியோடு பழகிய அறிவு தளரவில்லை. வைத்தியச் சான்றின்பேரில் இத்தகைய மாற்று வேலை கிடைக்குமென்ற உறுதி இருந்தால், நோயை மறைத்து மலையேறி, முற்றிய பிறகு விழும் நிலை குறையும். இதற்குப் புதிய மருந்து வேண்டாம். செருமனிக்குப் போகவும் வேண்டாம். செக்றோலிலே இல்லாத அந்த மூன்றாவது பத்தியை எழுதத் துணிந்தாற் போதும்.

தீரும் நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் வெற்றி. தீரா நோயோடு ஒருவரை மதிப்புடன் வாழவைப்பது சமுதாயத்தின் வெற்றி. ஹக்கலையிலே ஊன்றிய மரத்தின் பட்டை ஒரு காலத்தில் உலகின் காய்ச்சலைத் தணிக்கக் கப்பலேறிச் சென்றது. அம்மரத்தை வளர்த்த கைகளின் வழிவந்த பெண்ணொருத்தி இன்று அதன் பேரப்பிள்ளையாகிய மாத்திரையை இரவுதோறும் விழுங்கி, விடியலில் வெந்நீரில் விரல் நனைத்து நிற்கிறாள். அவ்விரல்கள் மடங்கும் நாளும் உண்டு; மடங்காத நாளும் உண்டு. மடங்காத நாளிலும் அவளுடைய பெயர் முழுப் பெயராகவே எழுதப்படுமாயின், அக்கரப்பத்தனையின் குளிர் அவளுக்குச் சற்றேனும் குறையும்.